நகரும் பனி, நகராத ஏரி

கிரீன்லாந்தின் மேற்குச் சரிவில் கோடைதோறும் பனிக்கட்டியின் மீது நீல நிற ஏரிகள் தோன்றுகின்றன. இவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. ஏரியைத் தாங்கியிருக்கும் பனிக்கட்டி ஆண்டுக்கு நூறு மீட்டர் அளவில் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஏரியோ நகர்வதில்லை. சென்ற ஆண்டு எங்கே தோன்றியதோ அங்கேயேதான் இந்த ஆண்டும் தோன்றும். காரணம் கீழே இருக்கும் அடிப்பாறை. ஓடையில் முங்கிக் கிடக்கும் கல்லின் மேல் நீர் எழும்பித் தணிவதைப் பார்த்திருக்கிறோம். நீர் மாறிக்கொண்டே இருக்கும், அந்த மேடும் பள்ளமும் மாறுவதில்லை. அதுபோலவே, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையின் மேடுபள்ளம் அதன்மேல் ஊர்ந்து செல்லும் பனியின் முதுகில் மங்கலாகப் பதிகிறது. அந்தப் பள்ளத்தில் உருகுநீர் தேங்குகிறது. யாரும் கண்டிராத ஒரு நிலத்தின் வடிவத்தை அந்த ஏரிகள் ஆண்டுதோறும் மேலே வந்து சொல்லிவிட்டுப் போகின்றன.

இதை எழுதும் நாங்கள் இருவர். ஒருவருக்குச் சொந்த ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் ஒரு கிராமம். மற்றவருக்கு யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம். வட ஐரோப்பிய நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில், ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து பல ஆண்டுகளாக ஒரே வேலையைச் செய்துவருகிறோம். பனிவிரிப்பின் மேல் உருகும் நீர் எவ்வழியே ஓடி, எங்கே இறங்கி, அடியில் என்ன செய்து, எப்போது கடலைச் சேர்கிறது என்பதைக் கணினிக்குள் கட்டிப் பார்ப்பதே அந்த வேலை. இந்தப் பக்கங்களில் கதைகளையும் கவிதைகளையும் பற்றி மட்டுமே எழுதுவது, பிழைப்பைப் பற்றி எழுதுவதில்லை என்றொரு கட்டுப்பாடு எங்களுக்கு இருந்தது. நண்பர்கள் சிலர் தொடர்ந்து கேட்டுவந்ததாலும், சென்ற குளிர்காலத்தில் எங்களுக்குள் எழுந்த ஒரு பிணக்கு இன்னும் தீராததாலும் அந்தக் கட்டுப்பாட்டைச் சற்றே தளர்த்துகிறோம்.

எங்களில் தஞ்சைக்காரரின் அம்மா ஒருமுறை தொலைபேசியில் கேட்டார்: "ஏம்ப்பா, பனி உருகுனா தண்ணி. தண்ணி பள்ளத்துக்குப் போகும். கடைசிப் பள்ளம் கடல். இதுல உக்காந்து கணக்குப் போட என்ன இருக்கு?" வயலுக்கு நீர் பாய்ச்சியே வாழ்ந்தவரின் கேள்வி அது.

"கடலுக்குப் போறது கணக்கில்லம்மா. போற வழியில அடியில பூந்து, மேல கெடக்குற பனியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுதா இல்லையாங்கறதுதான் கணக்கு."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப மடை எங்க இருக்குன்னு மொதல்ல தெரியணுமே" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பிணக்கும் அந்த மடையைப் பற்றியதுதான். அதற்குள் போகுமுன் வாசகருக்குச் சில அளவுகளைச் சொல்லிவிட வேண்டும்.

கிரீன்லாந்தின் பனிவிரிப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அது முழுவதும் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கும் அதிகமாக உயரும். முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள், ஒருவேளை ஆயிரமாண்டுகள் ஆகும் என்பதால் அந்த எண்ணைச் சொல்லி யாரையும் பயமுறுத்த நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லலாம். இவ்வளவு பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பினால் கடலைத் தன்னை நோக்கி இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. எனவே கிரீன்லாந்து உருகும்போது அதன் அருகிலுள்ள கரைகளில் கடல் தாழும். தொலைவிலுள்ள கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். சென்னையும் பருத்தித்துறையும் தொலைவில் இருக்கின்றன.

இன்னொரு தொல்லை மொழியைப் பற்றியது. புல்லின் மேல் விடியலில் நிற்கும் துளிக்கும், மார்கழியில் கண்ணை மறைக்கும் மூட்டத்துக்கும், வானிலிருந்து உதிரும் வெண்துகளுக்கும், மூன்று கிலோமீட்டர் தடிமனுள்ள இந்தப் பாளத்துக்கும் நம்மிடம் 'பனி' என்ற ஒரு சொல்லே இருக்கிறது. கிரீன்லாந்து மக்கள் இந்தப் பாளத்தைத் தங்கள் மொழியில் செர்மெர்சுவாக் என்கிறார்கள். பெரும்பனி என்று பொருள். ஆனால் நீருக்கு வந்தால் நம் கை ஓங்கிவிடுகிறது. கால், வாய்க்கால், மடை, மதகு, கலிங்கு, ஊற்று, கசிவு, சுழி என்று பல சொற்கள் கிடைக்கின்றன. எங்கள் வேலையைத் தமிழில் பேசிக்கொள்ளும்போது பனிக்காகத் திணறுகிறோம், நீருக்காகத் திணறுவதே இல்லை.

*

2006ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் நடந்த ஒன்றை எங்கள் துறையில் இன்றும் பேசுகிறார்கள். மேற்குக் கிரீன்லாந்தில் ஐந்தரை சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரி. சாரா தாஸ், இயன் ஜூகின் ஆகியோரின் குழு அதனுள் நீர்மட்டம் அளக்கும் கருவிகளையும் கரையில் ஜி.பி.எஸ். கருவியையும் நிறுவியிருந்தது. கருவிகள் பதிவுசெய்தது இதுதான்: 4.4 கோடி கன மீட்டர் நீர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், காணாமற் போனது. சராசரியாக விநாடிக்கு 8,700 கன மீட்டர். மேட்டூர் அணையின் வெள்ள அறிவிப்புகளை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்காகச் சொன்னால் மூன்று லட்சம் கன அடிக்கும் மேல். நயாகராவின் சராசரி ஓட்டத்தையும் அது விஞ்சியது. அந்நேரத்தில் கரையோரப் பனி ஒரு மீட்டருக்கும் அதிகமாக மேலெழும்பிப் பின் தணிந்தது, பக்கவாட்டிலும் நகர்ந்தது. ஏரி நீர் முழுவதும் 980 மீட்டர் பனியைப் பிளந்துகொண்டு அடிப்பாறைக்கு இறங்கி, மேலுள்ள பனியைச் சற்றுநேரம் தூக்கிப் பிடித்திருந்தது என்பதே அதன் பொருள். 2008இல் வெளியான அந்தக் கட்டுரையின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட உணர்வு வியப்பா அச்சமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு கிலோமீட்டர் பனியை நீர் எப்படிப் பிளக்கும்? விடை எடையில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் பனிக்கட்டி சுமார் 917 கிலோ. அதே அளவு நீர் 1,000 கிலோ. வெறும் வெடிப்பு ஒன்று பனியில் விழுந்தால், சில பத்து மீட்டர் ஆழத்துக்குப் பின் சுற்றியுள்ள பனியின் பாரமே அதை நெருக்கி மூடிவிடும். அதே வெடிப்பில் நீர் நிரம்பினால் கதை மாறுகிறது. ஆழத்தில் நீர் வெளிநோக்கித் தள்ளும் விசை, பனி உள்நோக்கி நெருக்கும் விசையைவிட அதிகம். ஆழம் கூடக்கூட அந்த வேறுபாடும் கூடும். நீர் குறையாமல் வந்துகொண்டே இருந்தால் வெடிப்பு நிற்பதற்குக் காரணமே இல்லை. ஜோஹன்னஸ் வீர்ட்மன் 1970களின் தொடக்கத்திலேயே காகிதத்தில் இதைக் கணக்கிட்டுவிட்டார். நிபந்தனை இரண்டே: முதலில் ஒரு கீறல் வேண்டும், பிறகு அதை நிரப்பப் போதிய நீர் வேண்டும்.

பிளந்த வெடிப்பு பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. ஆனால் ஒரு முனையில், நீர் தொடர்ந்து விழும் இடத்தில், செங்குத்தான ஒரு குழாய் நிலைத்துவிடுவதுண்டு. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் அதற்கு மூலான் என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சில் மாவரைக்கும் ஆலை என்று பொருள். சுழன்று விழும் நீரின் இரைச்சல் ஆலையை நினைவூட்டியிருக்க வேண்டும். எங்களுக்குள் அதைத் தூம்பு என்கிறோம். பழைய ஏரிகளில் நீருக்குள் ஒரு கல் அமைப்பு நிற்கும். அதன் துளை வழியே நீர் கீழிறங்கி, கரைக்கு அடியில் பதித்த குழாயில் ஓடி, அப்பால் வாய்க்காலில் எழும். குமிழி என்றும் தூம்பு என்றும் கல்வெட்டுகள் அதைக் குறிக்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரு துளை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வழி, எங்கோ ஒரு வெளிப்பாடு. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது என்பது எங்கள் துணிபு. பிரெஞ்சுக்காரர்கள் மன்னிக்க.

எல்லா நீரும் ஏரிகளில் நிற்பதில்லை. ஆறுகளும் இருக்கின்றன. பனியையே கரையாகவும் படுகையாகவும் கொண்ட, கலங்கலே இல்லாத, மை போன்ற நீல ஆறுகள். லாரன்ஸ் ஸ்மித் தலைமையிலான குழு 2012 ஜூலையில் தென்மேற்குக் கிரீன்லாந்தில் இவற்றைச் செயற்கைக்கோள் படங்களில் வரைந்தது. 523 ஆற்று வலைகள். அவற்றுள் ஒன்றுகூடப் பனியின் விளிம்புவரை மேற்பரப்பில் ஓடிச் சேரவில்லை. அத்தனையும் வழியிலேயே ஏதோவொரு தூம்பில் விழுந்து மறைந்தன. அதே ஜூலையில்தான் ஏறக்குறைய முழுப் பனிவிரிப்பின் மேற்பரப்பும் சில நாட்களுக்கு உருகியது. காங்கர்லுஸ்ஸுவாக் ஊரில் வாட்சன் ஆற்றின் பாலம் வெள்ளத்தில் உடைந்தது.

தூம்பில் விழுந்த நீர் எங்கே போகிறது என்று அறிய நாசாவின் பொறியாளர் ஆல்பர்ட்டோ பெஹார் 2008இல் ஒரு வேலை செய்தார். யாகப்ஷாவ்ன் பனியாற்றின் தூம்பு ஒன்றில், குளியல்தொட்டியில் குழந்தைகள் மிதக்கவிடும் மஞ்சள் ரப்பர் வாத்துகள் 90 வாங்கி, கண்டெடுத்தால் சன்மானம் என்று அச்சிட்டுப் போட்டார். மாதங்கள் கழிந்தும் ஒரு வாத்தும் திரும்பவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம். பெஹார் 2015 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். பனியின் மேல் ஓடும் ஆறு ஒன்றுக்கு இப்போது அவர் பெயர். அந்த ஆற்றில் ஸ்மித்தின் குழுவினர் அவ்வாண்டுக் கோடையில் மூன்று நாள் இரவுபகலாக நின்று நீரை அளந்தார்கள். தட்பவெப்ப மாதிரிகள் சொன்னதைவிடக் குறைவான நீரே ஓடியது. வெயில் தின்று நுண்துளை விழுந்த மேற்பனி நீரைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். தென்கிழக்கிலோ வேறு கதை: 2011 வசந்தத்தில், கோடை உருகல் தொடங்குமுன்பே, இறுகிய பழம்பனிக்குள் துளையிட்டவர்கள் உறையாத நிலத்தடிநீரைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். கடுங்குளிர்காலம் முழுவதும் அது நீராகவே இருந்திருக்கிறது.

*

இனி அடிப்பகுதி. கண்டவர் எவருமில்லை. பனியாற்று முகப்பில் சில குகைகளுக்குள் நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். துளையிட்டு அழுத்தமானியை இறக்கியவர்கள் இருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் ஊகமும் கணக்கும்தான்.

எங்களில் யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அவருடைய ஊர் சுண்ணாம்புக்கல் நிலம். மழை பெய்தால் ஆறாக ஓடுவதில்லை, கல்லுக்குள் இறங்கிவிடும். பிள்ளைப் பருவத்தில் நிலாவரைக் கிணற்றின் விளிம்பில் நின்று, "இதுக்கு அடியே இல்லையாம் தம்பி, கடலுக்குப் போகுதாம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். உண்மையில் பனியாற்று நீரியலின் ஆரம்பகாலச் சோதனைகளில் பல, நீரில் சாயம் கலந்து எங்கே எழுகிறது என்று பார்ப்பது உட்பட, சுண்ணாம்புக்கல் நிலங்களை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தவைதாம்.

அடியில் நீர் இரண்டு விதமாக இருக்கக்கூடும். ஒன்று, பாறையின் மேடுகளுக்குப் பின்னால் பனி ஒட்டாமல் விடும் சிறு சிறு பொந்துகளில், குறுகிய இடுக்குகளால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு, மெல்ல நகர்ந்துகொண்டு. இந்நிலையில் நீர் அதிகமானால் அழுத்தம் ஏறும். பனி பாறையிலிருந்து விடுபட்டு வழுக்கும். மற்றொன்று, பனியின் அடியைக் குடைந்து ஓடும் வாய்க்கால்கள். ஓடும் நீரின் உராய்வு வெப்பம் வாய்க்காலைப் பெரிதாக்குகிறது. பனியின் பாரம் அதை நெருக்குகிறது. ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972இல் இதை ஆராய்ந்து எதிர்பாராத ஒரு முடிவுக்கு வந்தார்: வாய்க்கால் எவ்வளவு பெரியதோ அவ்வளவு குறைவு அதன் நீரழுத்தம். ஆகவே பெரிய வாய்க்கால் சுற்றியுள்ள பொந்துகளின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும்; பனி மறுபடியும் பாறையில் படியும்; வழுக்கல் குறையும். அதே ஆண்டில் ரொனால்டு ஷ்ரீவ் காட்டியது இன்னொன்று. அடியிலுள்ள நீர் எத்திசையில் ஓடும் என்பதில் பாறையின் சரிவைவிட மேலே பனியின் சரிவுக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகாரம் உண்டு. அதாவது பனிக்கடியில் நீர் மேடேறும். 'தண்ணீர் பள்ளத்துக்குப் போகும்' என்ற அம்மாவின் முதல் விதியே அங்கு செல்லாது.

2002இல் ஜே ஸ்வாலியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மேற்குக் கிரீன்லாந்தில் சுவிஸ் முகாம் என்ற இடத்தில், கோடை உருகல் தொடங்கியதும் பனி வேகமெடுக்கிறது, உருகல் நின்றதும் வேகம் தணிகிறது. அவ்வளவு தடித்த பனியின் அடிக்கு மேற்பரப்பு நீர் சில நாட்களில் போய்விடுகிறது என்பதற்கு அது சான்று. அச்சம் இயல்பாகவே எழுந்தது: வெப்பம் கூடினால் நீர் கூடும், நீர் கூடினால் வழுக்கல் கூடும், பனி இன்னும் வேகமாகத் தாழ்ந்த, வெப்பமான பகுதிக்கு வந்து இன்னும் உருகும். அதே ஆண்டு அண்டார்க்டிக்கில் லார்சன் பி என்ற மிதக்கும் பனித்தட்டு, 3,250 சதுர கிலோமீட்டர், மேலே ஏராளமான குட்டைகள் தேங்கியிருந்த நிலையில் சில வாரங்களில் நொறுங்கியது. பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்.

2010இல் கிறிஸ்டியன் ஷூஃப் கணக்கிட்டுக் காட்டியது அந்த அச்சத்தைப் புரட்டிப்போட்டது. நீர் சீராகக் கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பின் வாய்க்கால்கள் உருவாகி நீரை வடித்துவிடும், பனி மெதுவாகும். வேகத்தைக் கூட்டுவது நீரின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கம்: பகல் வெயிலின் துடிப்பு, திடீர் மழை, ஏரியொன்றின் உடைப்பு. வாய்க்கால் விரிவதற்கு நேரம் தராமல் வந்து சேரும் நீர். 2015இல் டெட்ஸ்டோனும் குழுவினரும் முப்பதாண்டுப் படங்களை ஒப்பிட்டு, தென்மேற்கில் நிலத்தில் முடியும் பனியின் ஒரு பெரும் பரப்பில், உருகுநீர் பாதியளவு கூடியிருந்தும் பனியின் ஓட்டம் 12 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு தயக்கம் வருகிறது. ஆறுதலைத் தேடுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். பனி மெதுவானது விளிம்பை ஒட்டிய பகுதியில், தூம்புகள் ஏற்கனவே நெருக்கமாக இருக்கும் பகுதியில், கடலைத் தொடாத பனியில். கடலில் முடியும் பனியாறுகளில் அதே நீர் முகப்பின் அடியிலிருந்து பீறிட்டெழுந்து, வெதுவெதுப்பான கடல்நீரை இழுத்து, பனியைக் கீழிருந்து அரிக்கிறது. உள்நாட்டில், உயரத்தில், என்ன நடக்கும் என்பதற்கு அந்த 12 விழுக்காடு பதில் சொல்லவில்லை.

*

எங்கள் கணினி மாதிரி எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலப்பரப்பை முக்கோணங்களாக வகுக்கிறோம். முக்கோணத்தின் உட்பரப்பில் பொந்துகளின் நீர், ஒரு மெல்லிய விரிப்பாக. முக்கோணத்தின் விளிம்புகளில் வாய்க்கால்கள். மௌரோ வெர்டர், இயன் ஹ்யூயிட் ஆகியோர் 2013இல் வெளியிட்ட மாதிரியின் வழி அது. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். ஆகவே எங்கள் கிரீன்லாந்தில் வாய்க்கால் நாங்கள் வரைந்த கோடுகளில் மட்டுமே ஓட முடியும். பாறையின் மேடுகள் எவ்வளவு உயரம்? யாருக்கும் தெரியாது என்பதால் பத்து சென்டிமீட்டர் என்று வைப்பது வழக்கம். ஒரு மேட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டு மீட்டர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு, மலையும் பள்ளத்தாக்கும் சேறும் கருங்கல்லும் எல்லாம், இரண்டு மீட்டருக்கு ஒரு பத்து சென்டிமீட்டர் மேடு. இரவு நேரங்களில் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது இந்த நிலத்தின் சித்திரம் சில சமயம் மனத்தில் வரும். முடிவே இல்லாத ஒரு நெல்லிக்காய்த் தளம்.

2018இல் இத்தகைய 13 மாதிரிகளை ஒரே பாடத்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். நீர் சீராக வரும்போது விடைகள் ஓரளவு நெருங்கியே இருந்தன. துடிப்போடு வரும்போது விலகின. முக்கியமான ஒன்று: அந்தப் பாடங்களில் தூம்புகள் எங்கே என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. மடை எங்கே என்று யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பிணக்கு அங்கேதான். உருகும் எல்லை ஆண்டுக்கு ஆண்டு உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று 3,216 மீட்டர் உயரத்தில், பனிவிரிப்பின் உச்சியிலேயே, மழை பெய்தது. அங்கே ஆய்வு நிலையம் கண்காணிக்கத் தொடங்கிய பின் அதுவே முதல்முறை. வரும் பத்தாண்டுகளில் ஏரிகள் இன்னும் நூறு கிலோமீட்டர் அளவுக்கு உள்நோக்கிப் பரவக்கூடும் என்கின்றன கணிப்புகள். அந்த ஏரிகளுக்குத் தூம்பு திறக்குமா? திறந்தால், வாய்க்கால்கள் உருவாக முடியாத அளவு தடித்த பனியின் அடிக்கு நீர் போய்ச் சேரும். அங்கே பொந்துகள்தாம், அழுத்தம்தான், வழுக்கல்தான். திறக்காவிட்டால் நீர் மேற்பரப்பிலேயே ஓடிக் கீழ்ச்சரிவிலுள்ள பழைய தூம்புகளில் விழும். உள்நாட்டுப் பனி தூங்கிக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தவர் சொல்வது: தூம்பைக் கையால் வைக்கக்கூடாது. பனி எங்கே இழுபட்டுக் கீறல் விடுகிறதோ அங்கே மட்டும் மாதிரியே அதைத் திறக்கட்டும். 1,600 மீட்டர் உயரத்துக்கு மேல் பனி அவ்வளவாக இழுபடுவதில்லை, கீறல் அரிது, கீறல் இல்லையென்றால் துளையும் இல்லை. நாம் விரும்பிய இடத்தில் துளையிட்டுவிட்டு, நீர் கீழே போகிறது என்று கண்டுபிடித்ததாக எழுதுவது என்ன ஆராய்ச்சி?

தஞ்சைக்காரர் சொல்வது: சராசரி இழுவிசையை நம்பி உட்கார்ந்தால் 2006இன் ஏரியே உடைந்திருக்காது. அதே ஏரியைச் சுற்றி ஜி.பி.எஸ். கருவிகளை வளையமாக நிறுத்தி 2015இல் வெளியான ஆய்வு, ஏரி உடைவதற்குச் சில மணி நேரம் முன்பே அருகிலுள்ள வழிகளில் இறங்கிய நீர் பனியைச் சற்று உயர்த்துவதையும், அந்த உயர்வில் மேற்பரப்பு இழுபட்டுக் கீறல் விடுவதையும் காட்டியது. ஒரு தூம்பு இன்னொன்றைத் திறக்கிறது. 2018இல் வந்த மற்றொரு ஆய்வு, ஏரிகள் இப்படித் தொடர்ச்சியாக, ஒன்றையொன்று தூண்டி, உயரத்தை நோக்கி உடைந்துகொண்டே போகக்கூடும் என்றது. மேல் ஏரியின் கலிங்கு உடைந்தால் கீழ் ஏரிகள் வரிசையாக உடைவதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். இங்கே அது கீழிருந்து மேலே நடக்கிறது. கணக்கில் வராததால் நடக்காது என்று எழுதுவதும் கையால் வைப்பதுதான்; துளைக்குப் பதில் துளையின்மையை வைக்கிறோம்.

இரு தரப்பையும் சேர்த்து ஒரே மாதிரியில் கட்டலாமே என்று வாசகர் நினைக்கலாம். ஏரி உடைவது ஒன்றரை மணி நேரக் காரியம். அதைப் பின்தொடரக் கணினி விநாடிக் கணக்கில் அடியெடுத்து வைக்க வேண்டும். நாங்கள் ஓட்ட வேண்டியதோ நூறு ஆண்டுகள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கணக்கான ஏரிகள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் முதல் இரண்டு கோடைகளுக்குள் தீர்ந்துவிடும்.

கான்ராட் ஸ்டெஃபன் என்ற சுவிஸ் அறிஞர்தான் 1990இல் அந்தச் சுவிஸ் முகாமை நிறுவினார். 2002ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. ஆண்டுக்காண்டு அங்கே சென்று, கூடாரம் நின்ற பனியே உருகித் தாழ்வதைப் பார்த்து, மறுபடி மறுபடி முகாமைத் தூக்கி நிறுத்தினார். 2020 ஆகஸ்ட் மாதம், முகாமுக்கு அருகிலேயே, மேல்பனி மூடியிருந்த வெடிப்பு ஒன்றில் விழுந்து இறந்தார். வெடிப்பின் அடியில் நீர் இருந்தது. அவர் முப்பதாண்டுகள் நடந்து பழகிய இடம் அது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அறையில் தூம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிணக்கு வெறும் தொழில்நுட்ப விவகாரமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். சென்ற குளிர்காலத்தில் ஒரு பொது உரைக்குப் பின் துறைமுகப் பொறியாளர் ஒருவர் எங்களிடம் வந்தார். கடற்சுவரை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர். கிரீன்லாந்திலிருந்து எவ்வளவு வரும், ஒரு எண் சொல்லுங்கள் என்றார். எண் இருக்கிறது. உலகின் பனிவிரிப்பு மாதிரிகளைத் திரட்டி 2020இல் வெளியான ஒப்பாய்வு, வெளியேற்றம் மிக அதிகமான நிலையில் 2100ஆம் ஆண்டுக்குள் சுமார் 9 சென்டிமீட்டர், ஐந்து கூடவோ குறையவோ என்று சொல்கிறது. அதைச் சொன்னோம். "நீங்கள் இப்போது ஒரு மணி நேரம் விளக்கிய துளைகள் அந்த எண்ணுக்குள் இருக்கின்றனவா?" என்று கேட்டார். பெரும்பாலான அந்த மாதிரிகளில் அடிநீர் ஓட்டமே நேரடியாக இல்லை. இல்லை என்றோம். அவர் கோபப்படவில்லை. குறிப்பேட்டில் எழுதியிருந்த ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு போனார்.

அன்றிரவு தொடங்கியதுதான் எங்கள் விவாதம். வட்டத்துக்குள் என்ன எழுதி அனுப்புவது? துளைகளைத் திறந்துவைத்த ஓட்டத்தை அனுப்பினால் நாம் வைத்ததை நாமே அறுவடை செய்ததாகும். மூடிவைத்ததை அனுப்பினால் நடக்கச் சாத்தியமுள்ள ஒன்றை, நடக்காது என்று ஒரு சுவரின் உயரத்தில் எழுதிவைத்ததாகும். முடிவில் இரண்டையும் அனுப்பினோம், எதை எப்படி வைத்தோம் என்ற விளக்கத்தோடு. இரு கோடுகளும் முதல் முப்பதாண்டுகள் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன, பிறகு பிரிகின்றன. எந்தக் கோட்டை நீங்கள் நம்புகிறீர்கள் என்று பதில் கடிதம் வந்தது. அதற்கு இன்னும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் இரண்டு வேறு கடிதங்களாகிவிடுகின்றன.

இப்போதைக்கு வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறோம். 2015 முதல் வந்துகொண்டிருக்கும் சென்டினல் செயற்கைக்கோள் படங்களில் 1,600 மீட்டருக்கு மேலுள்ள ஏரிகளை ஒவ்வொன்றாக, ஆண்டுவாரியாகப் பார்த்துவருகிறோம்: வந்ததா, நிறைந்ததா, உறைந்ததா, இல்லை ஓரிரு நாளில் காணாமற் போனதா. எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிடலாம். ஆனால் இலேசான மேகம் படிந்த ஏரியையும் வற்றிய ஏரியையும் அது இன்னும் குழப்பிக்கொள்கிறது. எனவே இரவுகளில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கண்ணால் பார்க்கிறோம். ஐயமானவற்றைத் தனியே எடுத்துவைத்து மறுநாள் காலை தேநீரோடு இருவரும் சேர்ந்து பார்ப்பது ஏற்பாடு. 2019ஆம் ஆண்டுக் கோடை முடிந்துவிட்டது. 2020இல் பாதியில் நிற்கிறோம்.